ஆர்வில் போட்ட முடிச்சு

முரட்டுக் குதிரையும் காளையும் ஏறி அடக்குகிற எங்கள் ஹாலட் ஊர் ரோடியோத் திருவிழாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காளையைப் பார்க்க வருகிறார்கள், மீதிப் பேர் ஆர்வில் ஹெகன் பேசுவதைக் கேட்க வருகிறார்கள். மிகையாகச் சொல்லவில்லை. வயோமிங்கில் இதைவிடப் பெரிய ரோடியோக்கள் எத்தனையோ உண்டு. ஆனால் மைக்கைப் பிடித்தால் ஆர்விலைப் போல ஒருத்தன் கிடையாது. முரட்டுக் குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவதற்குள் இவன் நாலு வார்த்தை சொல்லி, விழுந்தவனையே சிரிக்க வைத்துவிடுவான்.

அடுத்த குதிரையைக் கூண்டில் அடைக்கிற நேரத்தில் பண்ணை வாழ்க்கையைப் பற்றிப் பேசுவான். பனி கொட்டும்போது கன்று ஈனுகிற பசு, ராத்திரி பகல் பூட்டாத வீடு, ஒருத்தன் காலொடிந்து கிடந்தால் கூப்பிடாமலே வந்து அவன் புல்லை அறுத்துக் கட்டிப் போட்டுவிட்டுப் போகிற பக்கத்துப் பண்ணைக்காரர்கள். கேட்கிற பட்டணத்துக்காரனுக்குக் கண் கலங்கிவிடும். வேலையை விட்டுவிட்டு நாலு மாடு வாங்கிவிடலாமா என்று பெண்டாட்டியிடம் கேட்பான். மார்ச் மாதத்துச் சேற்றில் வந்து நின்று பார்த்தால் தெரியும் சேதி. அதை ஆர்வில் சொல்ல மாட்டான்.

அவன் வருஷா வருஷம் சொல்கிற கதை ஒன்று உண்டு. பட்டணத்து ஆசாமி ஒருத்தன் பண்ணையைச் சுற்றிப் பார்க்க வருகிறான். மாலையில் பண்ணைக்காரன், எப்படி இருந்தது என்று கேட்கிறான். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க, ஆனா உங்க ஆளுங்களுக்குப் பொறுப்பே இல்ல. தெறந்து கெடந்த படலெல்லாம் மூடிட்டேன், மூடிக் கெடந்ததெல்லாம் தெறந்துட்டேன், இப்பதான் எல்லாம் சரியா இருக்கு" என்கிறானாம் அவன். கொட்டகை அதிரும். எங்களுக்கு அது வெறும் சிரிப்பில்லை. படல் என்றால் மேய்ச்சல் நிலத்து வேலியில் கழியும் முள்கம்பியுமாகக் கட்டிய வழி. அது திறந்திருந்தால் ஒரு காரணம் இருக்கும், மூடியிருந்தால் ஒரு காரணம் இருக்கும். பார்த்தபடியே விட்டுவிட்டுப் போகவேண்டும். நடக்கத் தெரிகிற வயசிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

இந்த ஜூலை மாதம், ரோடியோ தொடங்குகிற வியாழக்கிழமை காலை, ஆர்வில் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு டெல்பர்ட் ராஸ்க் நிலத்து வழியாகக் குறுக்கே வந்தான். டெல்பர்ட் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. வாலிபத்தில் இரண்டு பேரும் ஜோடியாகச் சுருக்குக் கயிறு வீசினார்கள். ஒருத்தன் காளையின் கொம்புக்கு, ஒருத்தன் பின்னங்காலுக்கு. அப்படி ஒரு நாள், கயிற்றைச் சேணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் சுற்றும்போது ஆர்விலின் வலது கட்டைவிரல் நடுவில் மாட்டித் துண்டாகிப் போய்விட்டது. மண்ணில் கிடந்த விரலைத் தன் தொப்பியில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் டெல்பர்ட். விரல் ஒட்டவில்லை. சினேகிதம் ஒட்டிக்கொண்டது.

மேல் மேய்ச்சலுக்கும் ஓடைப் பக்கத்துக்கும் நடுவில் இருந்த படல் திறந்து கிடந்தது. ஆர்வில் வண்டியோடு அதைக் கடந்தான், இறங்கினான், மூடினான், ஏறிப் போய்விட்டான். அவன் புத்தி எங்கே இருந்தது என்று கேட்கிறீர்களா? அந்தப் படல் கதையைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டணத்தான் பேசுகிற இடத்தில் குரலைக் கொஞ்சம் மூக்கால் இழுத்தால் இன்னும் எடுபடுமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் கை தன்பாட்டில் வேலையைச் செய்துவிட்டது.

கட்டைவிரல் இல்லாததால் கம்பி வளையத்தை இழுத்துக் கழியில் மாட்ட அவனுக்கு வராது. புல்கட்டுக் கட்டுகிற ஆரஞ்சு நிற நைலான் கயிறு எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். கழியைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போடுவான். இந்த ஜில்லாவில் அப்படி முடிச்சுப் போடுகிற ஆள் அவன் ஒருத்தன்தான்.

மேல் மேய்ச்சலில் இருந்த குட்டை அந்த வாரம்தான் வற்றியிருந்தது. கிடாரிகள் ஓடைக்கு இறங்கித் தண்ணீர் குடிக்கட்டும் என்றுதான் டெல்பர்ட் படலைத் திறந்து போட்டிருந்தான்.

திருவிழா நாளில் எவன் மாட்டைப் பார்க்கப் போகிறான்? புல் இருக்கிறது, தண்ணீருக்கு வழி இருக்கிறது என்று நம்பி டெல்பர்ட் ரோடியோ மைதானத்திலேயே தங்கி, கூண்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சனிக்கிழமை காலை ஒரு சேணத்தை எடுத்துவர வீட்டுக்குப் போனவன் மத்தியானம்தான் திரும்பி வந்தான். முழங்கால் வரை சேறு. தண்ணீருக்குத் தவித்த கிடாரிகள் வற்றிய குட்டைச் சேற்றில் இறங்கி மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஐந்து செத்துவிட்டன. யாரோ படலை மூடிவிட்டார்கள்.

கூண்டுகளுக்குப் பின்னால் பத்துப் பேர் நின்று இதைக் கேட்டார்கள். ஆர்விலும் நின்றான். கேட்ட அந்த நிமிஷமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றைக் கடித்து இழுத்த பல்லில் அந்த நைலான் ருசிகூட ஞாபகம் வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

அதற்குள் யாரோ, அந்தப் பட்டணத்தம்மாதான் தினமும் நாயோடு அந்த வழியாக நடக்கிறாள் என்றார்கள். ஆமாம், வியாழக்கிழமை விடியற்காலைகூடப் பார்த்தேனே என்றான் இன்னொருத்தன். வேறு யார் செய்வார்கள் என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருத்தன் ஆர்விலின் முதுகில் தட்டி, "உன் கதை நெசமாயிடுச்சுடா. இன்னிக்குச் சாயங்காலம் நல்லா எடுத்து விடு" என்றான்.

ஆர்வில் சிரித்தான்.

அவன் படலை மூடியதைக்கூட மன்னித்துவிடலாம், ஐயா. கை செய்த தப்பு. அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது வாய் செய்தது. பிற்பாடு அவன் மனசைத் தின்றது எல்லாவற்றையும்விட அதுதான்.

பட்டணத்தம்மா என்று அவர்கள் சொன்னது கொரின் பாசெக்கை. மினியாபோலிஸில் பள்ளிக்கூடத்து நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் செத்தபிறகு டெல்பர்ட் நிலத்தை ஒட்டி ஒரு சின்ன இடத்தை வாங்கிக்கொண்டு தனியாக வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆறு கோழி, ஒரு கிழட்டுக் கோவேறு கழுதை, ஒரு நாய். முதல் குளிர்காலத்தோடு ஓடிவிடுவாள் என்று ஊரே பந்தயம் கட்டியது. ஓடவில்லை. ரோடியோ மூன்று நாளும் எலுமிச்சை ஜூஸ் கடையில் நின்று பிழிந்துகொண்டிருந்தாள், சம்பளம் இல்லாமல்.

சேதி ஜூஸ் கடைக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? சாயங்கால ஆட்டத்துக்கு முன்னால் அவள் ஆர்விலைத் தேடிக்கொண்டு வந்தாள். மேடைப் படிக்கட்டுக்குக் கீழே அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். எலுமிச்சை பிழிந்து பிழிந்து அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

திறந்திருந்ததைத் திறந்தபடிதான் விட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன் என்றாள். எல்லோரும் கேட்கக் கேட்க நிச்சயமாகச் சொல்ல முடியவில்லையாம். நாய் ஒரு முயலைத் துரத்தியது, அதைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன், அந்தக் குழப்பத்தில் மூடியிருப்பேனோ என்னவோ என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆர்விலுக்கு வசதியாக இருந்திருக்கும், பார்வையைத் திருப்பிக்கொண்டிருக்கலாம்.

"நானும் என் வீட்டுக்காரரும் ஒரு தடவை சும்மா ஊர் சுத்திப் பாக்க வந்தப்ப இங்க ஒக்காந்து உங்க பேச்சைக் கேட்டோம், மிஸ்டர் ஹெகன். கூப்பிடாமலே வந்து புல்லு அறுத்துக் குடுப்பாங்கன்னு சொன்னீங்க. இருந்தா இந்த மாதிரி மனுசங்க நடுவுல இருக்கணும்னு அவர் அன்னிக்கு ராத்திரியே சொன்னாரு. அதான் நான் இங்க வந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இந்த ஊர்ல மன்னிப்பு எப்படிக் கேப்பாங்க? எனக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்."

இதோ, இந்த இடம். இதைவிட நல்ல இடம் ஒருத்தனுக்குக் கடவுள் தர முடியாது. சுற்றிலும் யாரும் இல்லை. ஒரு வாக்கியம் போதும். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் தண்ணீராய்ப் பேசுகிறவன் அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னான்.

"நேராப் போய்ச் சொல்லிடுங்க மேடம்" என்றான். "டெல்பர்ட் நல்லவன். மனசுல வச்சுக்க மாட்டான்."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மாட்டிறைச்சி ரொட்டிக் கடை முன்னால், நாலு பெண்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, டெல்பர்ட்டிடம் மன்னிப்புக் கேட்டாள். டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு, போகட்டும் மேடம், விடுங்கள் என்றான். தூரத்திலிருந்து ஆர்வில் எல்லாவற்றையும் பார்த்தான். அவனுக்கு ஒரு சந்தேகம் முள்ளாகக் குத்தியது. மூடிக் கிடந்த அந்தப் படலைக் காலையில் திறந்தவன் டெல்பர்ட். முடிச்சைப் பார்க்காமல் எப்படித் திறந்தான்?

சாயங்காலம் கொட்டகை நிறைந்து வழிந்தது. முரட்டுக் குதிரைகள் முடிந்து காளைகளைக் கூண்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆர்வில் குதிரைமேல் மைதானத்து நடுவில் இருந்தான், மைக் கையில். "படல் கதை!" என்று மேல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் பத்துக் குரல். ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்களின் கண்கள் போன இடத்துக்கு இவன் கண்ணும் போனது. மூன்றாவது வரிசையில் கொரின், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு கூட்டத்தில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது.

ஆர்வில் கதையைத் தொடங்கினான். பட்டணத்து ஆசாமி பண்ணைக்கு வந்தான் என்பது வரை வந்தது. அங்கேயே நிறுத்தினான். அவமானம் கழுத்துவரை ஏறிவிட்டது.

"டெல்பர்ட் நெலத்துப் படலை மூடினது நான்" என்றான் மைக்கில். "அந்தம்மா இல்ல. நான்தான் மூடினேன்."

பிறகு எங்கோ ஒருவர் கை தட்டினார். அப்புறம் வரிசை வரிசையாக எழுந்து நின்று தட்டினார்கள். தொப்பிகள் பறந்தன. ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆம்பளைன்னா இப்படி இருக்கணும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஒரு பெண்பிள்ளையின் மானத்துக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டானே மகராசன்! இல்லை, நிஜமாகவே நான்தான் என்று அவன் மறுபடியும் சொன்னான். கைதட்டல் இன்னும் பலத்தது. இத்தனை வருஷம் அந்த மைக்கில் அவன் சொன்ன எதையும் யாரும் நிஜமென்று எடுத்துக்கொண்டதில்லை, ரசித்திருக்கிறார்கள். இப்போது மட்டும் எப்படி நம்புவார்கள்? கூண்டுக்காரன் காளை தயார் என்று கை காட்டினான். ஆட்டம் தொடர்ந்தது.

முடிந்ததும் கொரின் ஓடி வந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் அழுதாள். ஆர்வில் உண்மையைச் சொன்னான். அவள் கேட்கவே இல்லை. "போதும், எனக்காக இன்னும் பொய் சொல்லாதீங்க. எனக்கு இப்ப நல்லா ஞாபகம் வந்துடுச்சு. நான்தான் மூடினேன். அந்தக் கம்பி கையில அறுத்தது கூட ஞாபகம் இருக்கு" என்றாள்.

செய்யாத தப்பை அவளே மனசுக்குள் செய்து முடித்துவிட்டாள். ஆர்விலுக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

குதிரை வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போனான். டெல்பர்ட் வண்டிப் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமில்ல?" என்றான் ஆர்வில்.

டெல்பர்ட் சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சுக் கயிற்றை எடுத்தான். மூன்று சுற்று, கடித்த முனை, முடிச்சு அப்படியே இருந்தது. முடிச்சுக்குப் பக்கத்தில் கத்தியால் அறுத்திருந்தான்.

"யாரும் பாக்கறதுக்கு முன்னால அறுத்துப் பையில போட்டுட்டேன்" என்றான்.

"அந்தம்மாதான்னு யார்றா கெளப்பி விட்டது?"

"நான் ஒண்ணும் கெளப்பல. அவங்களாச் சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்லல, அவ்வளவுதான்." டெல்பர்ட் பூட்ஸுக்குள் இருந்த சேற்றைத் தட்டினான். "அந்தம்மா இன்னும் ரெண்டு குளிர்காலம் இருக்கும். அப்புறம் வித்துட்டு மக வீட்டுக்குப் போயிடும். நீயும் நானும் இங்கதான் சாகணும். அஞ்சு கிடாரி போச்சு, போகட்டும். உன் பேரும் போகணுமா? நானா இருந்தா எனக்கு நீ இதைச் செஞ்சிருக்க மாட்டியா?"

ஆர்வில் நின்று யோசித்தான். செய்திருப்பான். சந்தேகமே இல்லை. கத்தியை எடுக்கக்கூட யோசித்திருக்க மாட்டான். கூப்பிடாமலே வந்து நிற்பார்கள் என்று இத்தனை காலம் மைக்கில் பாடினானே, அது இதுதான். வேலிக்குள்ளே பிறந்தவனுக்காக வந்து நிற்பார்கள். அவள் மூன்று வருஷமாக வேலிக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கயிற்றைக் கேட்டான். எரித்துவிடப் போகிறான் என்று நினைத்து டெல்பர்ட் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்திலேயே ஜெபம் நடக்கும், அதன்பிறகு ஊருக்கே பேன்கேக். டெல்பர்ட் வழக்கம்போல ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பெரிய இரும்புக் கல்லில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். நீள மேஜைகளில் சனம். இன்றைக்குக் கொரினுக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்வில் தன்மேல் பழி போட்டுக்கொண்டு காப்பாற்றியவள் ஆயிற்றே. ஒருத்தி அவள் தட்டில் பாகை ஊற்றினாள்.

ஆர்வில் மைக்கைத் தொடவில்லை. மேஜைகளைத் தாண்டிப் போய், வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகிற கழிக்கதவை இழுத்து மூடினான். சட்டைப்பையிலிருந்து புதுக் கயிற்றை எடுத்தான். மூன்று சுற்று. முனையைப் பல்லால் கடித்து இழுத்தான். இன்னிக்கும் ஆட்டமா ஆர்வில் என்று யாரோ கேட்டுச் சிரித்தார்கள். அவன் திரும்பி வந்து, டெல்பர்ட் அறுத்த பழைய கயிற்றைக் கொரினின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது டெல்பர்ட் படல்ல இருந்தது. பாருங்க மேடம்" என்றான்.

அவள் கயிற்றைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். எழுந்து போய் அந்தப் புது முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். மேஜையில் ஒருவர் ஒருவராக முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். அந்த முடிச்சை அவர்களில் தெரியாதவர் யாரும் இல்லை. கல்லில் பேன்கேக் தீய்ந்த வாசனை வந்தது. டெல்பர்ட் திருப்பிப் போடவில்லை.

மூடிய படலைத் திறந்தவன் அவன்தானே, கொரின் டெல்பர்ட்டைத்தான் முதலில் கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நேத்து நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டப்ப, இது உங்க பையிலதான இருந்துச்சு?"

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினான். நேற்றும் இப்படித்தான் கழற்றினான் என்பது அவனுக்கே உறைத்ததோ என்னவோ, மறுபடியும் போட்டுக்கொண்டான்.

அவள் ஆர்விலிடம் திரும்பினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, கொட்டட்டும் என்று நின்றான். திட்டுவாள், அறைந்தாலும் அறைவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தான். வாங்கிக்கொண்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்ற ஆசையும் உள்ளே இருந்தது, பொய் சொல்வானேன்.

"என்னைப் போய்க் கேக்கச் சொன்னது நீங்க" என்றாள். அவ்வளவுதான்.

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவுகிற தொட்டியில் வைத்தாள். பாகு ஊற்றியவளிடம் நன்றி சொன்னாள். நாயைக் கூப்பிட்டாள். கதவருகே போய் ஆர்விலின் முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்துத் திறந்து, நாயை முன்னால் விட்டு, தானும் வெளியே போனாள்.

அங்கிருந்து நேராக வண்டிக்குப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் திரும்பி நின்றாள். கதவை இழுத்து மூடினாள். மூடியிருந்ததைத்தானே பார்த்தாள்? கயிற்றைக் கழியில் மூன்று சுற்றுச் சுற்றினாள். பத்து விரலும் உள்ளவளுக்கு அந்த முடிச்சு லேசில் வரவில்லை. ஒரு தடவை நழுவியது, மறுபடியும் சுற்றினாள். கடைசியில் ஒரு முனையைக் கடித்து இழுத்தாள். அது முடிகிறவரை மேஜையிலிருந்து ஒருத்தரும் எழுந்து போய் உதவவில்லை, ஆர்விலும்தான்.